மன அழுத்தமும் அன்றாட வாழ்வின் சமநிலையும்

மக்களிடையே நின்று பணியாற்றுவோரின் வேலை மணியடித்தவுடன் முடிந்துவிடுவதில்லை. பள்ளி விட்ட பின்னரும் ஆசிரியர் விடைத்தாள்களைத் திருத்துகிறார், பதிவேடுகளை நிரப்புகிறார். ஊர் ஊராகச் சென்று திரும்பும் விரிவாக்க அலுவலர் இரவில் அறிக்கை எழுத அமர்கிறார். கைப்பேசி வந்தபின் அலுவலகம் இல்லத்திற்குள்ளும் புகுந்துவிட்டது. களைப்பு, எரிச்சல், உறக்கமின்மை ஆகியவற்றைத் தொழிலோடு பிறந்தவை எனக் கருதிப் பலர் பொறுத்துக்கொள்கின்றனர். அவ்வாறு பொறுத்துக்கொள்வது உடல்நலத்திற்குக் கேடு என்பதை அறிவியல் தெளிவாக்கியுள்ளது.

ஆபத்து நேர்கையில் உடல் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் ஆயத்தமே இதன் அடிப்படையாகும். அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கானன் 1915ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதனை விளக்கினார். சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின் என்னும் ஹார்மோனை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது, மூச்சு மிகுகிறது, இரத்தத்தில் சர்க்கரை உயர்கிறது, செரிமானம் தணிகிறது. பின்னர் 1936ஆம் ஆண்டில் ஹான்ஸ் செல்யே எலிகளைக் கொண்டு ஆராய்ந்து, குளிர், காயம், நஞ்சு எனக் காரணம் எதுவாயினும் உடலின் எதிர்விளைவு பெரும்பாலும் ஒரே வகையினது என்று கண்டார். எச்சரிக்கை, தாங்குதல், தளர்ச்சி என்னும் மூன்று கட்டங்களாக அவர் அதனைப் பகுத்தார்.

இவற்றிலிருந்து பெறப்படும் பாடம் யாது? மேலதிகாரியின் ஆய்வு நாளன்று சற்று நெஞ்சு படபடப்பது தீங்கன்று. அது பணியைக் கூர்மையாக்கவும் கூடும். அந்த ஆயத்த நிலை தணியாமல் நாள்தோறும் நீடிப்பதே தீங்கு. அது தணிவதற்கான வாய்ப்பை உறக்கமும் உடற்பயிற்சியும் உறவினர் நண்பர் உரையாடலும் மனத்திற்கு உகந்த பொழுதுபோக்கும் அளிக்கின்றன. வேலை இவற்றின் இடத்தை விழுங்கும்பொழுது, அழுத்தம் மிகுவதோடு அதனைப் போக்கும் வழியும் அடைபடுகிறது.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் இணைந்து 2021ஆம் ஆண்டில் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டன. வாரத்தில் 35 முதல் 40 மணி நேரம் உழைப்போரைவிட, 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்போர்க்குப் பக்கவாதம் நேரும் வாய்ப்பு 35 சதவீதமும், இதய இரத்தக்குழாய் நோயால் இறக்கும் வாய்ப்பு 17 சதவீதமும் மிகுதி என்று அது கூறுகிறது.

ஒரு வாரத்திற்கு 168 மணி நேரம் உண்டு. நாளுக்கு 7 மணி வீதம் உறக்கத்திற்கு 49, பணிக்கு 48, போக்குவரத்திற்கு 12 எனக் கழித்தால் எஞ்சுவது 59. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019ஆம் ஆண்டில் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டனர். பணிபுரியும் பெண்ணொருவரும் அதே அளவு வீட்டு வேலை செய்வதாகக் கொண்டால், அவருடைய 59 மணியில் ஏறத்தாழ 35 மணி அதற்கே போய்விடும். குளிப்பது, உண்பது முதல் ஓய்வு வரை அனைத்திற்கும் அவருக்கு எஞ்சுவது 24 மணி நேரமே. ஆதலின் சமநிலை என்பது தனியொருவரின் மனவுறுதியைப் பொறுத்தது மட்டுமன்று. வீட்டிலுள்ளோர் வேலையைப் பகிர்ந்துகொள்வதையும் பொறுத்ததாகும்.

இத்தகைய கணக்கை வாசகர்கள் தத்தமக்கு எழுதிப் பார்க்கலாம். ஒரு வாரம் நாட்குறிப்பில் நேரத்தைக் குறித்து வந்தால், எப்பகுதி மிகவும் நலிந்துள்ளது என்பது விளங்கும். எல்லாவற்றிற்கும் சமமாக நேரம் பங்கிட வேண்டுவதில்லை. நலிந்த அந்த ஒன்றுக்கு நாள்தோறும் அரைமணி நேரத்தைக் குறித்த வேளையில் ஒதுக்குவது போதிய தொடக்கமாகும். அது நடைப்பயிற்சியாயின் இருவகைப் பயன் உண்டு. வாரத்திற்கு 150 நிமிடங்களேனும் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மாலையில் மறுநாளைய வேலைகளைத் தாளில் எழுதி வைத்துவிட்டால், அவற்றை இரவெல்லாம் நினைவில் சுமக்க வேண்டியதில்லை.

அலுவலகத் தலைவர்களுக்கும் பொறுப்பு உண்டு. பிரிட்டிஷ் அரசு ஊழியர் 10,308 பேரைக் கொண்டு 1985ஆம் ஆண்டில் தொடங்கிய வைட்ஹால் இரண்டாம் ஆய்வில், தம் வேலையின் முறையையும் வேகத்தையும் தாமே தீர்மானிக்கும் உரிமை குறைந்தோரிடம் இதய நோய் மிகுந்து காணப்பட்டது. புள்ளிவிவரங்களை முன்னறிவிப்புடன் கேட்பதும், அவசரமற்ற செய்திகளை இரவில் அனுப்பாதிருப்பதும் செலவில்லாச் சீர்திருத்தங்கள்.

உறக்கமின்மையும் பசியின்மையும் எதிலும் நாட்டமின்மையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், மருத்துவரை நாடுதல் வேண்டும். மத்திய அரசு 2022 அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். உதவி கோருவது பலவீனமாகாது. காய்ச்சலுக்கு மருந்து உண்ணும்படி ஊராருக்கு அறிவுரை கூறும் நம் ஊழியர்கள், தம் மனநலத்திலும் அதே அக்கறையைக் காட்டுவார்களாக.