ஒரு கணினியில் சரி, மற்றதில் பிழை: செக் திகதியைக் கவனியுங்கள்

காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடிப் பக்கம் கடைக் கணக்கை மைக்ரோசொப்ட் அக்சஸில் வைத்திருக்கும் வர்த்தகர்கள் இப்போதும் உள்ளனர். யாரோ தெரிந்த பொடியன் ஒருவர் பல வருடங்களுக்கு முன்னர் செய்து கொடுத்தது. பழைய கணினியில் ஒரு குறையும் இல்லாமல் ஓடும். புதிதாக ஒன்று வாங்கி அதே ஃபைலைப் போட்டால் முரண்டு பிடிக்கும். கணக்கு கெட்டுவிட்டது என்று முதலாளி கலங்கிப் போவார். ஆனால் பெரும்பாலும் கோளாறு ஃபைலில் இல்லை, கணினியில்தான்.

'கடைப் பெயர், செக் இலக்கம், திகதி, தொகை' என்று ஒரே வரியில் எழுதப்பட்டதைப் பிரித்தெடுக்க லெஃப்ட், மிட் போன்ற கட்டளைகள் பாவிக்கப்படுகின்றன. இவை அக்சஸுடன் கூடவே வருபவை. அப்படியிருந்தும் ஒரு கணினியில் மட்டும் இவை வேலை செய்யாமல் பிழை காட்டலாம். அந்த ஃபைல் எக்செல் போன்ற வேறு மென்பொருளின் நூலகத்தையும் துணைக்கு வைத்திருக்கும். அந்தப் பதிப்பு இந்தக் கணினியில் இராது. ஒரு துணை காணாமற் போனால், அதனோடு சம்பந்தமே இல்லாத லெஃப்ட்டும் மிட்டும் சேர்ந்து படுத்துவிடும். ஃபைலைப் பிரதி எடுத்து வைத்துவிட்டு, ஓல்ட், எஃப் 11 விசைகளை ஒன்றாக அழுத்தி, டூல்ஸில் ரெஃபரன்ஸஸைத் திறந்து பாருங்கள். 'மிஸ்ஸிங்' என்ற வரி இருந்தால் அதன் அடையாளத்தை நீக்கிவிட்டு, அந்த நூலகம் தேவையெனில் இக்கணினியில் உள்ள பதிப்பைத் தெரிவு செய்ய வேண்டும்.

இது பரவாயில்லை, சத்தம் போட்டுச் சொல்லும் பிழை. சத்தமில்லாத பிழைதான் ஆளைக் கவிழ்க்கும்.

நாம் 03/08/2024 என்று எழுதினால் ஓகஸ்ட் 3. அமெரிக்க முறைப்படி அமைந்த விண்டோஸில் சீடேட் என்ற கட்டளை அதை மார்ச் 8 என்று எடுக்கும். 25/08 என்றால் 25ஆம் மாதம் இல்லையே, ஆகவே தானாகவே ஓகஸ்ட் 25 என்று சரியாகப் படித்துவிடும். ஒரு பிழைச் செய்தியும் வராது. மாதத்தின் முதல் 12 நாட்களில் 11 நாட்கள் மாறிப்போகும். வருடத்துக்கு 132 நாட்கள். பாதிக்கு மேல் சரியாக இருப்பதால் யாருக்கும் சந்தேகமும் வராது.

புறக்கோட்டையிலிருந்து கடனுக்குச் சரக்கெடுத்து, பிற்திகதியிட்ட செக்கை நம்பி வியாபாரம் செய்பவருக்கு இது சின்ன விடயமா? ஓகஸ்ட் 5இல் வங்கிக்குப் போக வேண்டிய செக் கணக்கில் மே 8 என்று பதிந்திருந்தால், அன்றே கொண்டுபோய்ப் போட்டுத் திரும்பி வரும். மே 8 செக் ஓகஸ்ட் 5 என்று பதிந்தால் காசு மூன்று மாதம் லாச்சியில் தூங்கும். நாம் கொடுத்த செக் இப்படி மாறினால் இன்னும் மோசம். 2006இல் செக்கின் படத்தை அனுப்பிக் காசாக்கும் முறை இலங்கையில் வந்த பிறகு, ஊரில் போட்ட செக்கும் கொழும்புக்குப் போய் வரும்வரை இருக்கும் பழைய அவகாசம் நமக்கு இல்லை.

கன்ட்ரோல் பேனலில் ரீஜன் பகுதியில், நாள் முதலில் மாதம் அடுத்து வரும்படி எல்லாக் கணினிகளையும் ஒரே மாதிரி மாற்றுங்கள். நிரல் எழுதியவர் கையில் கிடைத்தால், சீடேட்டுக்குப் பதிலாக நாள், மாதம், வருடத்தைத் தனித்தனியே எடுத்து டேட்சீரியலில் கொடுக்கச் சொல்லுங்கள். கணினி எந்த முறையில் இருந்தாலும் பிழைக்காது. திரையில் மாதத்தை எழுத்தில் காட்டச் செய்வதும் நல்லது. புதிய கணினியில் ஏற்கனவே பதிந்தவை தாமாகத் திருந்தா. நாளும் மாதமும் இரண்டுமே 12க்கு உட்பட்ட வரிகளை மட்டும் எடுத்து, லாச்சியில் உள்ள செக்குகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுத் திருத்த வேண்டும்.