தலைநகர்க் குளிரில் பொங்கல் விருந்து: சில முன்னேற்பாடுகள்

தமிழகத்துக்கு அப்பால் குடியமர்ந்து வாழும் நம்மவர்க்குத் தைப்பொங்கலைப் போல் இடர் தரும் பண்டிகை வேறில்லை. தீபாவளியை நாடு முழுவதும் கொண்டாடுகிறது. கடைத்தெருவும் விடுமுறையும் தாமாகவே நமக்குத் துணை நிற்கின்றன. பொங்கலுக்கோ அவ்வாறில்லை. தில்லியில் உள்ள மத்திய அரசு அலுவலகங்களில் அன்று பொது விடுமுறை கிடையாது. ஊழியர் தாமே தேர்ந்துகொள்ளும் விருப்ப விடுமுறைகளுள் ஒன்றாக அதைக் கொள்ளலாம், அவ்வளவே. பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள், அலுவலகத்துக்குச் செல்லும் கணவனும் மனைவியும், ஊரிலிருந்து வந்து குளிரில் நடுங்கும் முதியோர், விருந்துக்கு அழைத்த நண்பர் குடும்பங்கள் என இருபது பேர் ஒரே பந்தியில் அமர வேண்டுமாயின், அந்த ஒரு நாளில் எல்லாவற்றையும் சமைத்துவிடலாம் என்று நம்புவது பேதைமை. அப்படி நம்பிய இல்லங்களில் நிகழ்வது ஒன்றுதான்: எல்லோரும் உண்டு எழுந்த பிறகு, ஆறிப்போன சோற்றின் முன் இல்லத்தரசி தனியே அமர்கிறார். பண்டிகை அவருக்கு மட்டும் இல்லாமற் போய்விடுகிறது.

முன்கூட்டிச் சமைப்பது முறையாகுமா என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. படையலுக்குரியது அன்று அடுப்பேற்றி அன்றே இறக்கியதாக இருத்தல் வேண்டும் என்பது அவர்கள் கொள்கை, அதை மறுப்பதற்கில்லை. பானை பொங்கி வழிவதைக் காண்பதே பண்டிகையின் உயிர். ஆனால் சமைப்பது வேறு, சமையலுக்கு ஆயத்தம் செய்வது வேறு. நறுக்கிய காயும், துருவிய தேங்காயும், வறுத்து இடித்த பொடியும் பழையது ஆகா. அலுவலகத்தில் மொழிபெயர்ப்புக்கு வரைவு, திருத்தம், இறுதிப்படி என மூன்று நிலைகள் இருப்பதைப் போல, விருந்துக்கும் மூன்று நிலைகள் உண்டு. இறுதிப்படி மட்டுமே அன்றைய காலைக்கு உரியது.

முதலில் அளவு. இருபது பேருக்குப் பலவகைப் பதார்த்தங்களுடன் கூடிய விருந்தில், வெள்ளைச் சோற்றுக்கு இரண்டு முதல் இரண்டரைக் கிலோ அரிசி போதும். சர்க்கரைப் பொங்கலுக்கு அரைக்கிலோ பச்சரிசியும், அதில் நான்கில் ஒரு பங்கு பாசிப்பருப்பும், ஒரு கிலோ வெல்லமும் கொள்ளலாம். தலைக்கு இரண்டு வடை என்றால் அரைக்கிலோ உளுந்தில் ஏறத்தாழ நாற்பது வடை கிட்டும். சாம்பாருக்குத் துவரம்பருப்பு 600 கிராம். தயிருக்கு மூன்று லிட்டர் பால். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டிவிட்டால், கடைசி நேரத்தில் கடைக்கு ஓடும் வேலை பாதி குறையும். கொத்துமஞ்சளும் வாழையிலையும் கரும்பும் வேண்டுவோர் ராமகிருஷ்ணபுரம், கரோல்பாக், ஐ.என்.ஏ. சந்தை ஆகிய இடங்களில் தேடினால் பெறலாம். ஆயினும் முந்திய நாள் மாலைக்கு அதை ஒத்திவைத்தால் வாடிய இலையே எஞ்சும்.

ஒரு வாரம் முன்னதாகவே செய்யத்தக்கவை பொடிகளும் புளிக்காய்ச்சலும் ஆகும். நல்லெண்ணெய் மேலே மிதக்கும்வரை நன்கு சுண்டக் காய்ச்சிய புளிக்காய்ச்சல் கெடாது. நாள் செல்லச் செல்லச் சுவை கூடும் என்றும் சொல்வர், அது மெய்யே. இரண்டு நாட்களுக்கு முன் வெல்லத்தைக் கால் லிட்டர் நீரில் கரைத்து வடிகட்டிப் பாகாக எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். பொங்கல் நாளன்று மண்ணும் தூசியும் வடிகட்டிக்கொண்டு நிற்க நேராது. இங்கு ஒரு நுட்பத்தை நினைவிற்கொள்ள வேண்டும்: அரிசி குழைந்து வேகும்வரை பாகைச் சேர்க்கலாகாது. இனிப்புச் சேர்ந்தபின் அரிசி மேலும் மென்மையாகாது. பானையின் அடிதான் பிடிக்கும். கொதிக்கின்ற பாலில் வெல்லத்தைக் கொட்டினால் பால் திரிந்துபோவதும் உண்டு. தேங்காயைத் துருவி உறைநிலைப் பெட்டியில் வைத்தால் இரண்டு வாரம்கூட இருக்கும். ஆனால் அரைத்த தேங்காய் விழுது அவ்வாறு தாங்காது; அதை அன்றன்றுதான் அரைக்க வேண்டும்.

பருப்பை முந்திய இரவே வேகவைத்து வைப்பது பலர் வழக்கம். குக்கர் இருக்கும் இல்லத்தில் இதற்கு அவசியமே இல்லை. இருபது நிமிட வேலைக்காக வெந்த பண்டத்தை இரவெல்லாம் காத்து நிற்பானேன்?

தில்லியின் தை மாதக் குளிர்தான் நம் ஊர்ச் சமையற் பழக்கங்களை எல்லாம் தலைகீழாக்குவது. இரவில் வெப்பநிலை 7 அல்லது 8 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்குவது சாதாரணம். மதுரையில் இரவு பத்து மணிக்கு உறை ஊற்றிய பால் விடிவதற்குள் தயிராகும். இங்கு அதே நேரத்தில் ஊற்றினால் விடிந்தபின்னும் பாலாகவே இருக்கும். பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்கள் 40 முதல் 45 பாகை வெப்பத்தில்தான் நன்கு பெருகும். ஆதலால் விரல் பொறுக்கும் சூட்டில் பாலை எடுத்து, வழக்கத்தைவிடச் சற்று மிகுதியாக உறை ஊற்றி, பாத்திரத்தைக் கம்பளியால் நன்கு சுற்றி, முந்திய நாள் நண்பகலிலேயே வைத்துவிடுவது நலம். உறைந்தவுடன் குளிர்ந்த இடத்துக்கு மாற்றினால் புளிப்பு ஏறாது. உளுந்தும் மொச்சையும் ஊறுவதற்கு இங்கு நேரம் கூடுதலாக வேண்டும். காய்ந்த மொச்சையை வெதுவெதுப்பான நீரில் முந்திய மாலையே ஊறப்போடுக. பச்சை மொச்சை கிட்டாதவர் இங்கு அக்காலத்தில் மலிந்துகிடக்கும் பச்சைப்பட்டாணியைப் போட்டுப் பொங்கற் குழம்பு வைப்பதும் உண்டு. சுவை மாறும்; ஆயினும் குறை சொல்வதற்கில்லை. ஷகர்கந்த் என்று இங்கு விற்கும் சர்க்கரைவள்ளியும், சேம் என்னும் அவரையும் தாராளமாகக் கிடைக்கும். தேங்காயெண்ணெய் உறைந்து கல்லாகிவிடுமாதலால், அவியலுக்கு வேண்டுவோர் புட்டியை வெந்நீரில் நிறுத்தி வைக்கட்டும்.

வடைக்கு மாவை முந்திய மாலை அரைத்து, உப்புச் சேர்க்காமல் மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். உப்புச் சேர்ந்தால் மாவு நீர்த்துவிடும். பிறகு வடை எண்ணெயைக் குடிக்கும். உப்பும் மிளகும் கறிவேப்பிலையும் பொரிக்கும் நேரத்தில் கலந்தாற் போதும். காய்களில் பீன்ஸ், அவரை, பூசணி ஆகியவற்றை இரவே நறுக்கி வைக்கலாம். வாழைக்காயும் உருளைக்கிழங்கும் கருக்கும்; அவற்றை நீரில் அமிழ்த்தி வைப்பது அல்லது காலையில் நறுக்குவது நல்லது.

இனி, உடல்நலம் பற்றிய ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. குளிர்காலந்தானே, வெந்த சோறு வெளியே இருந்தால் என்ன என்று கருதுவோர் பலர். நோய்க்கிருமிகள் பெருகுவது 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் ஆகும். தில்லி அடுக்களை இரவில் 12 அல்லது 15 பாகையில் இருந்தாலும் அது குளிர்சாதனப் பெட்டி ஆகாது. அன்றியும், பெரிய அண்டாவில் வடித்த சோற்றின் நடுப்பகுதி பலமணி நேரம் வெதுவெதுப்பாகவே கிடக்கும். அரிசியோடு வரும் ஒருவகைக் கிருமியின் விதைகள் கொதிநீரிலும் சாவதில்லை; வெதுவெதுப்பில் முளைத்து அவை உண்டாக்கும் நஞ்சுகளுள் ஒன்று, மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை. முதியோரும் குழந்தைகளும் அமரும் பந்தியில் இந்த ஆபத்தை ஏற்கலாகாது. மிச்சமாவதை அகன்ற தட்டுகளில் மெல்லிதாகப் பரப்பி, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுக. குழம்பை மறுநாள் எடுத்தால் தளதளவென்று கொதித்த பிறகே பரிமாறுக.

இவ்வளவும் முன்னே முடிந்துவிட்டால், பண்டிகைக் காலைக்கு எஞ்சுவன பொங்கற் பானை, சோறு, குழம்பு, பொரியல், வடை ஆகியவையே. இவற்றையும் ஒருவரே செய்ய வேண்டும் என்பதில்லை. வடை தட்டுவது, இலை கழுவுவது, உப்பும் ஊறுகாயும் வைப்பது ஆகியவற்றைப் பிள்ளைகளும் ஆடவரும் ஏற்கலாம். இலையின் நுனி உண்பவரின் இடப்பக்கம் இருக்க வேண்டும் என்பதை ஊர் காணாத பிள்ளைகள் கற்றுக்கொள்வதும் இப்படித்தான். வடையைக் கடைசியில் பொரிப்பது நன்று. பந்தி அமரும்போது அடுப்பருகே ஒருவர் நிற்பார், ஆனால் அவர் சமைத்தவராக இருக்க வேண்டியதில்லை. அன்று அலுவலகம் செல்ல வேண்டிய குடும்பத்தினர் விடியலில் பானையை மட்டும் பொங்கவிட்டு, விருந்தை அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்வது உண்டு. புளிக்காய்ச்சலும் பொடியும் வெல்லப்பாகும் அதுவரை காத்திருக்கும். தயிரை மட்டும் சனிக்கிழமை நண்பகலில் புதிதாக உறை ஊற்ற வேண்டும்.