ஆவுடையார் முன் அரை நாழிகை

சிவாலயத்தில் தரிசனம் முடித்து, கொடிமரத்தருகே வீழ்ந்து வணங்கியபின், உடனே வெளியேறாமல் சற்று அமர்ந்து வரவேண்டும் என்பது நம் முன்னோர் வகுத்த வழக்கம். இன்றும் அமர்கிறோம். ஆனால் அமர்ந்தவுடன் பிரசாதப் பொட்டலத்தைப் பிரிக்கிறோம். அருகிலிருப்பவரிடம் முழங்கால் வலிக்கு மருந்து விசாரிக்கிறோம். கைப்பேசியில் பேரனின் படம் வந்திருக்கிறதா என்று பார்க்கிறோம். இவற்றில் குற்றம் ஏதும் இல்லை. எனினும் அந்தச் சிறுபொழுதுக்கு வேறொரு பயனும் உண்டு. சந்நிதியில் நாம் இறைவனிடம் கேட்கிறோம். வெளியே வந்து அமரும்போது நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம்: என்னை இயக்குவது எது?

இக்கேள்வி எழும்போதெல்லாம் மணிவாசகப் பெருமானின் பயணமே என் நினைவில் வரும். திருவாதவூரில் பிறந்து, அரிமர்த்தன பாண்டியனின் அமைச்சராகி, ‘தென்னவன் பிரமராயன்’ என்னும் பட்டமும் பெற்றவர் அவர். கீழைக் கடற்கரையில் நல்ல குதிரைகள் வந்திறங்கியுள்ளன என்று கேட்ட மன்னன், கருவூலத்திலிருந்து பெரும்பொருள் அளித்து அவற்றை வாங்கிவர அனுப்பினான். பரிவாரத்துடன் புறப்பட்டவர், திருப்பெருந்துறையில் குருந்த மரத்தடியில் குருவடிவாய் வீற்றிருந்த சிவபெருமானைக் கண்டு அங்கேயே நின்றுவிட்டார். பின்னர் நடந்தவை அன்பர்கள் அறிந்தவையே. குதிரைப் பணம் திருப்பணிக்கும் அடியார்க்கும் செலவாயிற்று; ஆவணி மூலத்தில் நரிகள் பரிகளாய் வந்தன; இரவில் மீண்டும் நரிகளாயின. (வங்கியில் பணியாற்றிய எனக்குத் தெரிந்து, எந்தத் தணிக்கையாளரும் இக்கணக்கை ஏற்கமாட்டார். பாண்டியனும் ஏற்கவில்லை.)

நரி பரியானதைவிட அவர் நின்ற இடமே எனக்கு வியப்பளிக்கிறது. பணி முடித்து ஓய்வாக அமர்ந்தவர் அல்லர் அவர். மன்னன் ஆணையும் பதவிப் பெருமையும் வாங்கவேண்டிய குதிரைகளும் முன்னே தள்ளிக்கொண்டிருந்த வேளையில், நடுவழியில் நின்றார். ஓடிக்கொண்டிருப்பவருக்குத் தம்மை விரட்டுவது எதுவென்று தெரிவதில்லை, நின்றால்தான் தெரியும். “பேத்தியின் திருமணம் முடியட்டும், பிறகு பார்க்கலாம்” என்று நாம் ஒத்திவைப்பதும் இந்த ஒன்றைத்தான்.

அத்திருப்பெருந்துறையே இன்று புதுக்கோட்டை மாவட்டத்தில், அறந்தாங்கிக்கு அண்மையில் உள்ள ஆவுடையார்கோயில். அங்குள்ள கல் கொடுங்கையின் நுணுக்கத்தைக் காண்பதற்கென்றே பலர் செல்வர், காணத்தக்கதுதான். ஆனால் கருவறைமுன் வந்தால் மனம் திகைக்கும். அங்கே ஆவுடையார் மட்டுமே உண்டு. மேலே இலிங்கத் திருமேனி இல்லை. கொடிமரமும் இல்லை, எதிரே நந்தியும் இல்லை. யோகாம்பிகைக்கும் உருவமில்லை, திருவடிகளே வழிபாட்டுக்குரியன. ஆத்மநாதராகிய இறைவன் அருவமாய் எழுந்தருளியிருக்கிறார். நிவேதனமும் தனிவகை. புழுங்கலரிசிச் சோற்றைச் சுடச்சுடக் கல்லின்மேல் பரப்புவர். கீரையும் பாகற்காயும் உடன் உண்டு. சோற்றிலிருந்து எழும் ஆவியே இறைவனுக்கு நிவேதனம்.

உருவம் காணாத அப்பீடத்தைப் பார்த்து நிற்கையில், நம் நெஞ்சாகிய பீடத்தில் இப்போது அமர்ந்திருப்பது யார் என்ற கேள்வி தானே எழும். பல நாள்களில் அங்கே இறைவன் இருப்பதில்லை. மருமகள் சொன்ன ஒரு சொல் இருக்கும். தம்பி தராத பங்கு இருக்கும். இனி நம்மை யாரும் கலந்தாலோசிப்பதில்லை என்ற மனத்தாங்கல் இருக்கும். இளமையில் நம்மைச் செலுத்தியது ஆசை என்றால், முதுமையில் பெரும்பாலும் அச்சமும் வருத்தமுமே செலுத்துகின்றன என்பது என் எண்ணம்.

இதை நான் கோயிலில் கற்றதைவிட வங்கியில் கண்டதே மிகுதி. வைப்புத்தொகைக்கு நியமித்தவரை மாற்றுவதற்கு அப்போது டி.ஏ. 3 என்றொரு படிவம் இருந்தது. அதைக் கேட்டு வரும் முதியவர்களில் சிலர் முகத்தைப் பார்த்தாலே, முந்தைய நாள் வீட்டில் சச்சரவு நடந்திருப்பது விளங்கும். ஒருவர் ஓராண்டில் மும்முறை வந்தார். மூத்த மகன் பெயர் போய் மகள் பெயர் வந்தது. மகள் பெயர் போய் இளையவன் பெயர் வந்தது. நியமனம் செய்வதும் மாற்றுவதும் வைப்பாளரின் உரிமை. மறுக்க நமக்கு இடமில்லை. ஆயினும் அத்தகையோரிடம், “ஐயா, படிவத்தை எடுத்துச் செல்லுங்கள். நாளைக் காலை சுவாமி தரிசனம் செய்துவிட்டு வந்து கையெழுத்திடலாமே” என்று சொல்வது என் வழக்கம். சிலர் சினந்து அங்கேயே கையெழுத்திட்டனர். சிலர் மறுநாள் வந்தனர். சிலர் வரவேயில்லை. மறுநாள் வந்தவர்களும் எண்ணத்தை மாற்றிக்கொண்டனர் என்று சொல்லமுடியாது. ஆனால் பேனா பிடித்த கை நடுங்கவில்லை.

உயில் எழுதுவதாயினும், உறவினர் வீட்டுத் திருமணத்துக்குப் போவதில்லை என்று தீர்மானிப்பதாயினும் இது பொருந்தும். முடிவு சரியா தவறா என்று கேட்குமுன், இம்முடிவை எடுப்பது அன்பா, அச்சமா, பழைய கணக்கைத் தீர்க்கும் எண்ணமா என்று இறைவன் முன்னிலையில் கேட்டால் போதும். விடை வராத நாளில் ஐந்தெழுத்தை மட்டும் ஓதிவிட்டு எழலாம்.

ஆனி மகம் மணிவாசகரின் குருபூசைத் திருநாள். ஆவுடையார்கோயில் வரை செல்ல இயலாதவர்கள் அன்று உள்ளூர்ச் சிவாலயத்தில், தரிசனத்துக்குப்பின் பிராகாரத்தில் அரை நாழிகை அமரலாம். கால் மடக்க முடியாதவர்கள் திண்ணையிலோ நாற்காலியிலோ அமர்வதில் தடையில்லை. பிரசாதப் பொட்டலத்தை வீட்டுக்கு வந்து பிரித்துக்கொள்ளலாம்.