பாட்டியின் குரல் கணினிக்கு வந்த கதை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெடாஸ் வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பா தன் கைப்பேசியை நீட்டினார். திரையில் பாதி இடம் தொட்டால் வேலை செய்யவில்லை.

"புதுசு வாங்கிக்கலாம்மா. ஆனா, பாட்டி பேசுனதெல்லாம் இதுலதானே இருக்கு?"

பாட்டி தோட்டத்தில் பால்மரம் சீவியவர். எழுதத் தெரியாது என்பதால் குடும்பக் குழுவில் பேசியே அனுப்புவார். முறுக்கு மாவின் பதம், விடிவதற்குள் பெரட்டுக்கு ஓடிய நாள்கள், லயத்தில் தீபாவளி கொண்டாடிய விதம் எல்லாம் அவர் குரலில் இருக்கின்றன. இந்த ஆண்டுத் தொடக்கத்தில் அவர் தவறிவிட்டார். வானொலியில் ஊரார் குரலையெல்லாம் பத்திரப்படுத்தும் நான், வீட்டுக் குரலை விட்டுவிட்டிருந்தேன்.

சிங்கப்பூர் அண்ணன் சொல்லி எங்கள் குடும்பம் 'சிக்னல்' செயலிக்கு மாறிச் சில ஆண்டுகள் ஆகின்றன. இதன் கணினிப் பதிப்பும் திறமூல மென்பொருள்தான். அதாவது, அதன் நிரலை யாரும் திறந்து படிக்கலாம், சோதிக்கலாம். "உங்கள் செய்தியை நாங்கள் படிப்பதில்லை" என்ற வாக்குறுதியை விவரம் தெரிந்தவர்கள் சரிபார்க்க முடியும். இதை நடத்துவது லாப நோக்கமற்ற அமைப்பு. வாட்ஸ்அப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான பிரையன் ஆக்டன், 2018இல் 5 கோடி அமெரிக்க டாலர் கொடுத்து அதைத் தொடங்க உதவினார்.

முன்பெல்லாம் இதில் ஒரு குறை இருந்தது. புதிய கணினியை இணைத்தால், அன்று முதல் வரும் செய்திகள் மட்டுமே அதில் தெரியும். 2025 ஜனவரியில் அறிவித்த மாற்றத்துக்குப் பிறகு, இணைக்கும்போதே "பழைய உரையாடல்களையும் கொண்டு வரட்டுமா?" என்று கேட்கிறது. சம்மதித்தால், கைப்பேசி அவற்றை ஒரே கட்டாகச் சுருக்கி, ஒருமுறை மட்டும் பயன்படும் சாவியால் பூட்டி, சர்வர் வழியாகக் கணினிக்கு அனுப்புகிறது. சாவி நம் இரண்டு கருவிகளிடம் மட்டுமே இருக்கும். சர்வரிடம் போவது பூட்டிய பெட்டிதான்.

என் மடிக்கணினியை அப்பாவின் கைப்பேசியோடு இணைத்தேன். சிறிது நேரத்தில் பல ஆண்டுச் செய்திகள் வரிசையாக வந்து நின்றன.

"என்னம்மா, பாட்டி வந்துட்டாங்களா?"

வரவில்லை. எழுத்துச் செய்திகள் எல்லாம் வந்தாலும், படம், காணொளி, குரல் பதிவு போன்றவை கடைசி 45 நாள்களுக்கு உரியவை மட்டுமே வரும். பாட்டியின் பதிவுகள் அதைவிடப் பழையவை. எனக்கு ஒரு கணம் கை நடுங்கிவிட்டது. நல்லவேளை, கைப்பேசியில் அவை அப்படியே இருந்தன. ஒவ்வொரு குரல் பதிவையும் அழுத்திப் பிடித்து, கோப்பாகச் சேமித்து, கம்பி வழியாக மடிக்கணினிக்கு மாற்றினேன். பிறகு இன்னொரு பிரதியை வெளி வன்தட்டிலும் போட்டேன். மாலை முழுக்க இதே வேலை.

நீங்களும் இணைக்கப் போகிறீர்கள் என்றால் மூன்று விஷயங்களை மறக்காதீர்கள். கைப்பேசி நல்ல நிலையில் இருக்கும்போதே செய்யுங்கள். கணினிக்குக் கடவுச்சொல் வையுங்கள். திறந்து கிடக்கும் கணினியில் யார் வேண்டுமானாலும் உங்கள் செய்தியைப் படித்துவிடலாம். யாரோ அனுப்பும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யாதீர்கள். அப்படி ஏமாற்றி, உக்ரைனியர்களின் சிக்னல் கணக்குகளைத் தங்கள் கருவிகளோடு சிலர் இணைத்துக்கொண்டதாக 2025 பிப்ரவரியில் கூகுள் எச்சரித்தது.

எந்தச் செயலியும் பெட்டகம் ஆகாது. அன்பானவர்களின் குரலைத் தனிக் கோப்பாக இரண்டு இடங்களில் வைத்திருப்பதுதான் பாதுகாப்பு.

இரவு மடிக்கணினியில் ஒரு பதிவை ஓடவிட்டேன். "மாவை ரொம்ப இறுக்கிப் பிசையாத" என்றார் பாட்டி. அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். அப்பா நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.