தோட்டத்து வீட்டின் அடி இடைவெளியில் பாம்பு, பெருச்சாளி குடியேறாமல் தடுப்பது எப்படி?

கொடைரோடு, அம்மையநாயக்கனூர், நிலக்கோட்டைப் பகுதிகளில் தோட்டத்திலேயே குடியிருக்கும் விவசாயிகளுக்கு இது. மழைத் தண்ணீர் ஏறாமலிருக்க ஹாலோபிளாக் அடுக்கி, மேலே கடப்பாக் கல் பாவி, அதன்மீது தகர செட் போட்டிருப்பீர்கள். உர மூட்டை, தீவன மூட்டை, சில வீடுகளில் கட்டில் எல்லாம் அந்தக் கல்லின் மேல்தான். கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே முக்கால் அடியோ ஒன்றரை அடியோ இடைவெளி இருக்கும். அதற்குள் டார்ச் அடித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று?

முதலில் யார் வருகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். சொட்டுநீர்க் குழாய் போகும் இடத்தில் புது மண் குவியலாகக் கிடந்தால் பெருச்சாளி வளை தோண்டுகிறது. அந்த வளைதான் பாம்புக்கு வீடு. நம் ஊர்ப் பாம்புகள் பொதுவாகத் தாமாக வளை தோண்டுவதில்லை. எலி தோண்டியதில் புகுந்து, எலியையும் தின்று, அங்கேயே தங்கிவிடும். அந்த எலி வருவது மக்காச்சோளத்துக்கும் கடலைப் புண்ணாக்குக்கும். ஆகவே தீவனத்தை மூடி போட்ட டிரம்முக்கு மாற்றாமல் ஓட்டையை மட்டும் அடைத்தால், அடுத்த வாரமே பக்கத்தில் புது ஓட்டை விழும். திராட்சைப் பந்தலில் கழித்த கல்தூண்களைச் சுவரோரம் அடுக்கி வைக்கும் பழக்கமும் வேண்டாம். வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளிப் போடுங்கள்.

அடைப்பதற்கு முன் உள்ளே எதுவும் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். பலர் அவசரப்படுவது இந்த இடத்தில்தான். சாயங்காலம் ஒவ்வொரு ஓட்டையின் வாயிலும் சாம்பலையோ சலித்த மணலையோ மெல்லிதாகத் தூவிவிடுங்கள். காலையில் தடம் சொல்லிவிடும். சிறு விரல்களோடு நடுவில் வால் கோடு இருந்தால் எலி இனம், கால் தடமே இல்லாமல் பட்டையாக இழுத்த கோடு என்றால் பாம்பு. பழக்கொட்டைகள் நிறைந்த எச்சம் கிடந்தால் மரநாய் வந்து போகிறது. மூன்று நாள் தொடர்ந்து தடம் விழாத ஓட்டையை அடைக்கலாம். ஆனால் பாம்பு இரை எடுத்துவிட்டுப் பல நாள் அசையாமல் கிடக்கும் என்பதால், பாம்புத் தடம் ஒருமுறை விழுந்திருந்தாலும் கையை உள்ளே விடாமல் தீயணைப்புத் துறையையோ வனத்துறையையோ கூப்பிடுங்கள். அடித்துக் கொல்ல முயலும்போது கடிபடுவதும் நடக்கிறது. போதாததற்கு நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சாரை, உடும்பு ஆகியவை 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை.

மரநாய், கீரி இரண்டுக்கும் வேறு வழி உண்டு. மரநாய் இருட்டியதும் இரை தேடக் கிளம்பும், கீரி பகலில் கிளம்பும். மற்ற ஓட்டைகளை அடைத்துவிட்டு, ஒரே ஓட்டையில் மட்டும் மேல்பக்கம் கட்டிய வலைத் துண்டைத் திரைபோல் வெளிப்புறம் தொங்கவிடுங்கள். உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து தள்ளினால் திறக்காது. குட்டிகளின் சத்தம் கேட்டால் மட்டும் சில வாரங்கள் பொறுக்கத்தான் வேண்டும். தாயை வெளியே விட்டு அடைத்தால் குட்டிகள் உள்ளேயே செத்து நாறும்.

இனி வலை. கோழி வலையை எலி கடித்துவிடும், சிறிய பாம்பு அதன் கண்ணி வழியாகவே நுழைந்துவிடும். நைலான் வலை அதைவிட மோசம்: பாம்பு சிக்கி, உயிரோடு உங்கள் வாசலிலேயே கிடக்கும். கால் அங்குலக் கண்ணியுள்ள கெட்டியான ஜி.ஐ. வெல்டு வலை கேட்டு வாங்குங்கள். சுண்டெலி அரை அங்குலத்துக்கும் குறைவான சந்தில் நுழையும் என்பதால்தான் இந்த அளவு. வலையின் மேல் விளிம்பைச் சுவரில் பட்டி வைத்து ஆணி அடியுங்கள். கீழே ஓரடி ஆழம் மண்ணில் இறக்கி, அடியில் இன்னும் ஓரடியை வீட்டுக்கு வெளிப்பக்கமாக மடக்கிப் புதையுங்கள். பெருச்சாளி சுவரோரம்தான் தோண்டும். மடக்கிய வலையில் நகம் பட்டதும் விட்டுவிடும். உள்பக்கம் மடக்கினால் இந்தப் பலன் கிடையாது.

குழாயும் கேபிளும் நுழையும் சந்துகளில் பாத்திரம் தேய்க்கும் கம்பிநாரைத் திணித்து, மேலே சிமெண்ட் பூசுங்கள். சாக்கு, ஸ்பாஞ்ச், ஃபோம் எதையும் எலி கடித்து மெத்தை போட்டுக்கொள்ளும். கழிவுநீர்க் குழாய் வாய்க்கு ஜாலி மூடி போதும். கதவுக்குக் கீழே விரல் நுழையும் சந்து இருந்தால் தகரப் பட்டை அடியுங்கள். மோட்டார் ரூமின் ஸ்டார்ட்டர் பெட்டியில் கேபிள் ஏறும் துளையையும் விட்டுவிடாதீர்கள்.

எங்கள் கருத்து ஒன்று: இடைவெளி ஓரடிக்கும் குறைவு என்றால் வலைக்கு மெனக்கெட வேண்டாம். காலி என்று உறுதியான பிறகு கருங்கல் சல்லியும் செம்மண்ணும் போட்டுக் கெட்டித்து, சுற்றிலும் பூசிவிடுங்கள். செலவும் கவலையும் ஒரே தடவையில் முடியும்.

எலி மருந்து வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டு அடியில் ஒருபோதும் போடாதீர்கள். ஈரம் பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் வாயு கிளம்பும், கல் சந்து வழியே அறைக்குள் ஏறும். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் எலி மருந்து வைத்த வீட்டில் இரண்டு குழந்தைகள் இறந்தது நினைவிருக்கும். பூண்டு, பினாயில், நாப்தலின் உருண்டை, சிறியாநங்கைச் செடி ஆகியவற்றை நம்பிப் பாம்பு வராது என்று இருக்கவும் வேண்டாம்.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் கட்டுவிரியன். இரவில்தான் நடமாடும், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், பல நேரம் வலியோ வீக்கமோ இருக்காது. விடியற்காலையில் வயிற்று வலி, இமை சரிவது, பேச்சுக் குழறுவது என்றுதான் தெரியவரும். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. தோட்டத்து வீட்டில் கட்டிலில் படுத்து, கொசுவலையை மெத்தைக்கடியில் செருகிக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள். கடிபட்டவரை நடக்க விடாமல் 108-ஐ அழைத்து நிலக்கோட்டை அல்லது திண்டுக்கல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். விஷமுறிவு மருந்து அங்கே இலவசம்.

வேலையை ஆவணி, புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள். நமக்குப் பெரிய மழை ஐப்பசியில்தான். வளைகளில் தண்ணீர் இறங்கியதும் எலியும் பாம்பும் உலர்ந்த இடம் தேடி மேட்டுக்கு ஏறும். முதல் கனமழை பெய்த மறுநாள் காலையில் வலையைச் சுற்றி ஒரு நடை வந்து, மண் அரித்த இடங்களை மிதித்து இறுக்கிவிட்டு, அங்கெல்லாம் மறுபடி சாம்பல் தூவி வையுங்கள்.