பெரிய மாடல் போர் விமானம்: இறக்கை ஏன் முறிகிறது, எப்படி உறுதியாகக் கட்டுவது?

ரிமோட்டில் பறக்கும் மாடல் விமானம் என்றதும் பலருக்கும் பொம்மைதான் ஞாபகம் வரும். ஆனால் 3 மீட்டர் இறக்கை, 15 கிலோ எடை, மணிக்கு 150 கிலோமீட்டர் வேகம் என்று ஒரு ஸ்பிட்ஃபயர் மாடல் வந்தால், கதையே வேறு. அந்த வேகத்தில் அது எதிலாவது மோதினால், 15 கிலோ மூட்டை ஒன்று சுமார் 88 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அதாவது, கிட்டத்தட்ட 29 மாடி உயரம்.

நடுவானில் இறக்கை முறிந்துவிட்டால், கையில் இருக்கும் ரிமோட்டால் எந்தப் பயனும் இல்லை. கீழே நிற்பவர்களின் பாதுகாப்பே அந்த இறக்கையை நம்பித்தான் இருக்கிறது.

சின்ன மாடலின் பிளானை அப்படியே பெரிதாக்கினால் போதாதா?

போதாது. அதே வடிவத்தை, அதே பொருளில் 2 மடங்கு பெரிதாகக் கட்டினால் இறக்கையின் பரப்பு 4 மடங்காகும். எடையோ 8 மடங்காகிவிடும். சுமையைத் தாங்கும் மரச்சட்டத்தின் குறுக்குவெட்டும் 4 மடங்குதான் கூடும். ஆக, மரத்தின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் முன்பைவிட 2 மடங்கு அழுத்தத்தைத் தாங்க வேண்டும்.

இதோடு முடியவில்லை. 150 கிலோமீட்டர் வேகத்தில் கீழே பாய்ந்து, 40 மீட்டர் ஆரத்தில் வளைந்து மேலே எழும்போது, விமானம் தன் எடையைப் போல 5 மடங்குக்கும் மேல் கனக்கும். 15 கிலோ மாடலின் இறக்கை அந்த நொடியில் சுமார் 80 கிலோ சுமக்கிறது.

பலம் எங்கே இருக்கிறது?

ஒரு பிளாஸ்டிக் ரூலரைத் தட்டையாகப் பிடித்து அழுத்துங்கள், வளையும். நிமிர்த்திப் பிடித்து அழுத்துங்கள், அசையாது. 30 மில்லிமீட்டர் அகலமும் 3 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள ரூலருக்கு, விறைப்பில் இந்த வித்தியாசம் 100 மடங்கு!

இறக்கையின் முதுகெலும்பான ஸ்பாரும் இப்படித்தான் வேலை செய்கிறது. மேலே ஒரு சட்டம், கீழே ஒரு சட்டம், இரண்டையும் இணைக்க நடுவில் ஒரு மெல்லிய பலகை. பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளைவதால் மேல் சட்டம் நசுங்கும், கீழ்ச் சட்டம் இழுபடும். நடுப்பலகை விட்டுப்போனால் இரண்டு சட்டங்களும் தனித்தனியாக வளைந்து, மேல் சட்டம் முதலில் மடங்கிவிடும். அந்தப் பலகை பால்சா மரமாக இருந்தால், அதன் நார் ஓட்டம் செங்குத்தாக நிற்க வேண்டும்.

போர் விமானத்துக்கு மட்டும் என்ன சிக்கல்?

முதலாவது, சக்கரம். பல போர் விமானங்களில் அது மடங்கி இறக்கைக்குள் போகும். அதற்கான பள்ளம், வளைவு விசை அதிகமாக இருக்கும் உடற்பகுதிக்கு அருகிலேயே வரும். அதனால் ஸ்பாரை வெட்டாமல் பள்ளத்தை அதற்கு முன்னாலோ பின்னாலோ அமைக்க வேண்டும்.

இரண்டாவது, போக்குவரத்து. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் கட்டிய 3 மீட்டர் இறக்கை, கிள்ளான் வரை மைவி காரில் முழுசாகப் போகாது. இரண்டாகப் பிரித்து, உலோகக் குழாய் அல்லது கார்பன் ஃபைபர் குழாயால் இணைப்பார்கள். அந்தக் குழாயின் உறை ஸ்பாரோடு இறுக்கமாகப் பிணைந்திருக்க வேண்டும். உறை முடியும் இடத்தில் பலம் சட்டென்று குறைந்தால், முறிவு அங்கேதான் தொடங்கும்.

நம்ம ஊர் ஈரப்பதம்தான் காரணமா?

1944-இல் இதே கேள்வி பெரிய அளவில் எழுந்தது. பெரும்பாலும் மரத்தாலும் பசையாலும் கட்டப்பட்ட பிரிட்டனின் மொஸ்கிட்டோ விமானங்கள் சில, இந்தியாவில் பறக்கும்போதே இறக்கை முறிந்து விழுந்தன. முதலில் பழி பருவமழை மீதும் வெப்பத்தின் மீதும் விழுந்தது. பிறகு, மழைக்காலத்தையே பார்க்காத விமானங்களிலும் அதே குறை இருப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். ஸ்பாரும் இறக்கையின் தோலும் சேரும் இடத்தில் இடைவெளி! தயாரிப்பில் நேர்ந்த குறை அது. மூட்டு நெடுக ஒரு பிளைவுட் பட்டை ஒட்டிச் சரிசெய்தார்கள். அதே ரக விமானம் 1955 வரை மலாயாவின் மேல் பறந்து படமெடுத்தது.

ஈரமும் வெயிலும் மோசமான மூட்டைக் காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான். ஒட்டுவதற்கு முன் பசையில்லாமல் பொருத்திப் பார்த்து, இடைவெளி இல்லை என்று உறுதி செய்யுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் இறக்கையை விட்டுப் போகாதீர்கள். சூட்டில் சாதாரண எபோக்சி இளகக்கூடும்.

பறக்கவிடும் முன் என்ன செய்வது?

இறக்கையைத் தலைகீழாகத் திருப்பி, உடற்பகுதி சேரும் இடத்தில் மட்டும் தாங்கு கொடுங்கள். பக்கத்துக்கு எட்டு 5 கிலோ அரிசிப் பைகளை ஒவ்வொன்றாக வையுங்கள்: நடுப்பக்கம் அதிகம், நுனிப்பக்கம் குறைவு. மொத்தம் 80 கிலோ. 'டிக்' என்று சத்தம் கேட்டால் நிறுத்திவிட்டு மூட்டுகளைச் சோதியுங்கள்.

சட்டமும் உண்டு. மலேசியாவின் 2016 வான் போக்குவரத்து விதிமுறைகளின்படி, ஆளில்லா விமானம் தரையிலிருந்து 400 அடிக்கு மேல் பறக்கவும், விமான நிலைய வட்டாரத்தில் பறக்கவும் சி.ஏ.ஏ.எம். அனுமதி தேவை. எரிபொருள் நீங்கலாக 20 கிலோவைத் தாண்டினாலும் அனுமதி வேண்டும். சுபாங் விமான நிலையம் பக்கத்திலேயே இருப்பதால், கிள்ளான் பள்ளத்தாக்கில் இடத்தை முதலில் உறுதி செய்துகொள்வது நல்லது.