ஆட்டமுந் தொழிலும்

அமெரிக்கரின் பேஸ்போல் ஆட்டத்தை நம்மவருட் பலர் நேரிற் கண்டிலர். எனினும், நம் நாட்டு எல்லே ஆட்டத்தை அறிந்தார்க்கு அது முற்றிலும் புதியதன்று. எறியப்படும் பந்தை மட்டையால் அடித்து, நான்கு தளங்களைச் சுற்றியோடி மீள்வதே அதன் சாரம்.

நியூயோர்க் நகரத்து நிக்கபொக்கர் கழகத்தார் 1845 ஆம் ஆண்டில் அதற்கு விதிகள் எழுதினர். அவர்கள் வணிகரும் எழுதுவினைஞரும் போன்றோர். பிற்பகலில் ஓய்வு காணக்கூடியவர். உடலுழைப்பாளியின் நிலையோ வேறு. கிழமையில் ஆறு நாளும், நாளொன்றுக்குப் பத்து மணி நேரமோ அதனின் மிகுதியாகவோ அவன் உழைத்தான். எஞ்சிய ஞாயிற்றுக்கிழமையிலோ பல மாநிலங்களின் சட்டம் ஆட்டத்தைத் தடுத்தது. பின் அவன் ஆடுவது எப்போது? புறூக்கிளினிற் கப்பல் கட்டுந் தச்சரும் கம்மியரும் 1855 இல் எக்போட் கழகத்தை நிறுவினர். கிழமைக்கு ஒரு முறைக்கு மேல் பயிற்சிக்கு அவர்களுக்கு நேரமில்லை. அத்தகைய கழகமே 1862 இலும் 1863 இலும் வாகை சூடியது.

ஆட்டங் காண மக்கள் பணங் கொடுக்கத் தலைப்பட்டதும் ஆடுவோருங் கூலி பெறலாயினர். 1869 இல் சின்சினாட்டி நகரக் கழகம் தன் வீரர் அனைவர்க்கும் வெளிப்படையாகவே சம்பளம் வழங்கிற்று. ஜோர்ஜ் றைற் என்பார் பெற்ற 1,400 டொலர், தேர்ந்த கைத்தொழிலாளி ஓர் ஆண்டு முழுவதும் உழைத்தும் பெறாத தொகை.

ஆயினும், வேலையினின்று விடுபட ஆடிய ஆட்டம் இங்ஙனம் தானே வேலையாயிற்று. வேலைக்குரிய தளைகளும் உடன் வந்தன. 1876 இல் தோன்றிய தேசியச் சங்கத்தின் கழக உரிமையாளர், தம் வீரரிற் சிலரைப் பிற கழகங்கள் அமர்த்தலாகாதென 1879 இல் உடன்படிக்கை செய்தனர். முதலில் கழகத்துக்கு ஐவர்; காலப்போக்கில் அணி முழுவதுமே அதற்குட்பட்டது. சாதாரண ஆலைத்தொழிலாளி வேறு முதலாளியை நாடிச் செல்லலாம். புகழ்பெற்ற ஆட்டவீரனுக்கோ அவ்வுரிமையுமில்லை. 1889 ஆம் ஆண்டுக்கென வீரரை ஐந்து தரமாக வகுத்து, 2,500 டொலருக்கு மேற் சம்பளமில்லையென வரையறுத்தனர். மைதானத்துக்கு வெளியே ஒருவன் ஒழுகும் முறையும் அவன் தரத்தை நிருணயித்தது. ஆசிரியத் தொழில் புரிவோர்க்கு இது வியப்பளிக்காது!

சட்டங் கற்ற வீரரான ஜோன் மொன்ற்கொமரி வார்ட் 1885 இலேயே வீரர் சங்கமொன்றை அமைத்திருந்தார். அச்சங்கத்தார் 1890 இல், முதலீட்டாளருடன் கூடித் தமக்கெனத் தனிப்போட்டிகளையே நடத்தினர். திறமிக்க வீரர் பலர் அவர்பக்கம் நின்றனர். ஆனால் நட்டத்துக்கு அஞ்சிய முதலீட்டாளர் எதிர்த்தரப்புடன் இணங்கிவிடவே, ஓராண்டில் அம்முயற்சி முறிந்தது. என் கருத்தில், அவர்களை வீழ்த்தியது ஆட்டக் குறைபாடன்று. முதல் பிறர் கையிலிருந்தமையே. வீரரைப் பிணித்த அவ்விதி, 1975 இல் நடுவர் ஒருவர் அளித்த தீர்ப்பினாலேயே தளர்ந்தது.